திரையில் வந்த எண்ணை அழைத்து, எனிடெஸ்க்கும் போட்டாயிற்று. இனி என்ன செய்வது?

நீலமேகம்:
பெரியப்பாவின் விண்டோஸ் 11 லேப்டாப். இன்று மதியம் பிரௌசரில் திடீரென்று முழுத்திரைக்கு ஓர் எச்சரிக்கை, சைரன் சத்தம், 'மைக்ரோசாஃப்ட் உதவி மையம்' என்று ஒரு எண். அழைத்துவிட்டார். தொலைவிலிருந்தே கணினியை இயக்கவிடும் எனிடெஸ்க் மென்பொருளைப் போடவைத்து நாற்பது நிமிடம் உள்ளே இருந்திருக்கிறார்கள். கறுப்புத் திரையில் ஒரு நீளமான எண்ணைக் காட்டி, 'இதுதான் உங்கள் லைசென்ஸ், காலாவதியாகிவிட்டது' என்றார்களாம். நெட்பேங்கிங்கில் ரூ. 4,999 கட்டியிருக்கிறார். எனிடெஸ்க்கை அன்இன்ஸ்டால் செய்தால் போதுமா?

கடைசிபெஞ்ச்:
இப்போதைக்கு அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். வைஃபையை மட்டும் துண்டியுங்கள், லேப்டாப் அப்படியே இருக்கட்டும்.

அடுத்து 1930, அதாவது சைபர் மோசடிக்கான உதவி எண்ணை அழையுங்கள். கூடவே இன்னொருவர் வங்கியை அழைத்து நெட்பேங்கிங், கார்டு இரண்டையும் முடக்கச் சொல்லட்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்கு மாறிக்கொண்டே இருக்கும். எங்காவது தேங்கி நிற்கும்போதுதான் நிறுத்திவைக்க முடியும். அதனால் இந்த வேலையை நாளைக்குத் தள்ளாதீர்கள். பரிவர்த்தனை எண், தொகை, நேரம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்து, புகார் எண்ணை வங்கிக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல், பிறகுதான் வங்கி. மின்னஞ்சல் அவர்கள் கையில் இருந்தால் மற்றதையெல்லாம் 'ரீசெட்' போட்டுத் திரும்ப எடுத்துவிடுவார்கள். ஜிமெயில் என்றால் ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டையும் பாருங்கள்; வங்கி அனுப்பும் மெயில் கண்ணில் படாமல் ஒதுங்கும்படி விதி போட்டிருக்கலாம்.

இனி லேப்டாப். சி டிரைவில் 'புரோகிராம்டேட்டா' என்று மறைந்திருக்கும் ஃபோல்டரைத் திறந்து, எனிடெஸ்க் ஃபோல்டரில் 'கனெக்‌ஷன் ட்ரேஸ்' என்ற டெக்ஸ்ட் ஃபைல் இருக்கிறதா பாருங்கள். எந்த ஐடி எப்போது உள்ளே வந்தது என்று அதில் பதிவாகியிருக்கும். இன்ஸ்டால் செய்யாமல் நேரடியாக ஓட்டியிருந்தால் பயனர் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் 'ஆப்டேட்டா'வில் தேடுங்கள். புகாருக்கு அது சான்று. பென்டிரைவில் அதை நகலெடுத்த பிறகு எனிடெஸ்க்கை நீக்குங்கள். எனிடெஸ்க் நல்ல மென்பொருள்தான். திறந்துவிட்டது யாருக்கு என்பதுதான் சிக்கல்.

அது ஒன்று போனால் போதாது. 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' பட்டியலை தேதி வாரியாக அடுக்குங்கள். அல்ட்ராவியூவர், ஸ்கிரீன்கனெக்ட் மாதிரி இரண்டாவது ஒன்றைச் சத்தமில்லாமல் போட்டுவைப்பது இவர்கள் வழக்கம். விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள், கால் மணி நேரம் ஆகும். ஆனால் நாற்பது நிமிடம் என்கிறீர்கள். படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸை முழுக்க அழித்துப் புதிதாகப் போட்டுவிடுவதே என் யோசனை.

சுட்டிவிரல்:
அந்த 'லைசென்ஸ் எண்' விஷயத்தைப் பெரியப்பாவுக்குக் கண்ணாரக் காட்டுங்கள். இல்லையென்றால் 'உண்மையாகவே காலாவதியாகியிருக்குமோ' என்ற சந்தேகம் அவர் மனதை விட்டுப் போகாது.

கமாண்ட் பிராம்ப்டில், அதாவது அவர்கள் காட்டிய அந்தக் கறுப்புத் திரையில், 'அசோக்' (ஏ, எஸ், எஸ், ஓ, சி) என்று அடித்தால் ஃபைல் வகைகளின் பட்டியல் ஓடும். கடைசிப் பக்கமாக 888டிசிஏ60 என்று தொடங்கும் ஒரு நீள எண் நிற்கும். உங்கள் கணினியிலும் அடித்துப் பாருங்கள், அதே எண்தான் வரும். எல்லா விண்டோஸிலும் அதுதான். வலது கிளிக்கில் வரும் 'சென்ட் டு' மெனு தொடர்பான ஓர் அடையாளம் அது. லைசென்ஸோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. போனில் எண்ணை முன்கூட்டியே ஒப்பித்து, 'சரிபார்த்துக்கொள்ளுங்கள்' என்பார்கள். பொருந்தியதும் நம்பிக்கை வந்துவிடும்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் பிழைகளைச் சிவப்பும் மஞ்சளுமாகக் காட்டுவதும் இதே ரகம். நேற்று வாங்கிய கணினியிலும் அவை இருக்கும்.

தட்டச்சுத்தாத்தா:
அந்தத் திரை வைரஸ் இல்லை, ஒரு வலைப்பக்கம், அவ்வளவுதான். கணினியை அதனால் பூட்ட முடியாது. எஸ்கேப் விசையைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எந்த வலைப்பக்கத்தாலும் அதைத் தடுக்க முடியாது. டாஸ்க் மேனேஜரில் பிரௌசரைத் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்'. மறுபடி திறக்கும்போது 'ரீஸ்டோர்' என்று கேட்டால் வேண்டாம் என்று விடுங்கள், கொடுத்தால் அதே பக்கம் திரும்ப வந்து நிற்கும்.

மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண்ணே இருக்காது. எண் இருந்தால் மோசடி. பெரியவர்களுக்கு இந்த ஒன்றைச் சொல்லிவைத்தாலே போதும்.

நீலமேகம்:
நன்றி அண்ணா, 1930இல் பதிவாகிவிட்டது. ஆனால் வங்கியில் 'அவரே கட்டியதுதானே' என்கிறார்கள்.

வட்டிக்கணக்கு:
அந்த ரூ. 4,999க்கு அவர்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஆன இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு அவர் அனுமதியின்றிப் போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே வாய்மொழியாகச் சொன்னதோடு விடாதீர்கள். புகார் எண்ணும் நேரமும் எழுத்தில் வரவேண்டும். 1930 மூலம் பணம் எங்காவது நிறுத்தப்பட்டிருந்தால் அது தனி வழி, அதை விடாமல் கேளுங்கள்.

இன்னொன்று. சில வாரம் கழித்து 'ரீஃபண்ட் தருகிறோம்' என்று கூப்பிட வாய்ப்பு அதிகம். மறுபடி திரையைப் பகிரச் சொல்லி, வங்கிப் பக்கத்தில் எஃப்12 விசையைத் தட்டி, பக்கத்தின் உள் குறியீட்டைத் திறந்து, இருப்புத் தொகையை மாற்றி எழுதிக்காட்டி, 'ஐயோ, ரூ. 5,000க்குப் பதில் ரூ. 50,000 போட்டுவிட்டோம், மீதியை அனுப்புங்கள்' என்று கெஞ்சுவார்கள். பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால் பழைய இருப்பே தெரியும். பெரியப்பாவிடம் இதை இன்றைக்கே சொல்லிவையுங்கள்.