ஏல் திருவிழாவில் ஆத்தங்குடிக் கற்கள்

பட்டறைக்காரர்:
வணக்கம். இங்கிலாந்தில் ஒரு குடும்பமே சொந்தமாக நடத்தும் கிராஃப்ட் பீர் பப்பில், ஏல் என்ற பீரின் சிறப்பு வகைகளுக்கான வார இறுதி விழாவையொட்டி, எங்கள் ஆத்தங்குடிப் பூக்கற்களை, அதாவது கையால் செய்யும் செட்டிநாட்டுத் தரை ஓடுகளைக் கண்காட்சியாக வைக்க அழைத்திருக்கிறார்கள். மதுக்கூடத்திலா என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள், அது இருக்கட்டும். கற்களைத் தரையில் பரப்பலாமா, சுவரில் மாட்டலாமா? அவர்கள் பெருமையாகச் சொல்லும் காஸ்க் ஏல் என்பது என்ன?

பள்ளத்தூரான்:
சுவர்தான் சரி. கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு வார்த்து, நீரில் ஊறவைத்து எடுக்கும் கல்லுக்குச் சூளை ஓட்டின் மெருகுப் பூச்சு கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பீர் புளிப்புத் தன்மை உடையது. சிந்தியதை உடனே துடைக்காவிட்டால் கறை இறங்கிவிடும். எடையைத் தாங்கும் மரச்சட்டம் தேவை.

கடல்கடந்தவன்:
காஸ்க் ஏல், பரிமாறும் பீப்பாயிலேயே மீண்டும் நொதித்து, வெளியிலிருந்து கரியமில வாயு ஏற்றப்படாமல், பெரும்பாலும் கைப்பம்பால் இறைத்துத் தரப்படுவது. 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரை இருப்பதால், ஐஸ் பீருக்குப் பழகிய நம்மவர்கள் குறை சொல்வார்கள். 1971இல் தொடங்கிய காம்ரா என்ற பிரிட்டிஷ் பீர் நுகர்வோர் இயக்கம் போராடிக் காத்த மரபு இது. திறந்த பீப்பாயை ஏறத்தாழ மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும். சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் கற்களை யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். செய்முறை விளக்கத்தை ஞாயிறு நண்பகலுக்குக் கேளுங்கள்.