ஹாலோடேக்: டேக் இல்லாத செல்லிலும் சிக்னல்

கன்ஃபோகல்வாசி:
நியூக்ளியஸை விட்டு வெளியே வராத புரதம். அதோடு ஹாலோடேக் (சாய லிகண்டைப் பிடித்துக்கொள்ளும் ஒட்டுப் புரதம்) சேர்த்து, டிஎம்ஆர் லிகண்ட் (அந்த டேக்கில் சேரும் ரோடமைன் சாயம்) 5 மைக்ரோமோலார், 15 நிமிடம், மூன்று வாஷ். நியூக்ளியஸ் பளிச்சென்று வந்தது, சரி. சைட்டோபிளாசம் முழுக்க நெளிநெளியாக நூல்கள் எங்கிருந்து? டிரான்ஸ்ஃபெக்ட் ஆகாத, அதாவது டேக்கின் ஜீன் நுழையாத, பக்கத்து செல்லில் நியூக்ளியஸ் கன்னங்கரேல், நூல்கள் மட்டும் அப்படியே. மைட்டோகாண்ட்ரியாவைக் காட்டும் மைட்டோட்ராக்கர் டீப் ரெட் சாயம் போட்டால் அதுவும் நூல்களும் இம்மி பிசகாமல் பொருந்துகின்றன.

ரோடமைன்:
பிளஸ் சார்ஜ் ரோடமைன்களை மைட்டோகாண்ட்ரியாவின் மெம்பிரேன் பொடென்ஷியல் இழுக்கும். அந்தப் பொடென்ஷியலை அளக்கவென்றே போடும் டிஎம்ஆர்எம் சாயமும் இதே குடும்பம்தான். டேக்கில் சேராமல் மிஞ்சிய சாயம் அங்கே போய் ஒதுங்கியிருக்கிறது. 50 முதல் 100 நானோமோலார் போதும். மூன்று வாஷையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டால் பயனில்லை, சாயம் செல்லிலிருந்து மெதுவாகத்தான் கசியும். சீரம் கலந்த புது மீடியத்தில் 37 டிகிரியில் 30 நிமிடம் விட்டு, மறுபடி மீடியம் மாற்றுங்கள்.

பிப்பெட்முனை:
100 நானோமோலாரில் பாதி டேக் காலியாகவே கிடக்கும். அப்புறம் இன்டென்சிட்டியை அளந்து என்ன பயன்?

ரோடமைன்:
கணக்குப் போட்டுப் பாருங்களேன். 100 மைக்ரோலிட்டரில் 10 பிக்கோமோல், அதாவது சுமார் 6 லட்சம் கோடி மூலக்கூறு. 50,000 செல், செல்லுக்கு 10 லட்சம் டேக் என்று தாராளமாக வைத்தாலும் 5,000 கோடிதான். நூறு மடங்குக்கு மேல் உபரி. ஹாலோடேக்–டிஎம்ஆர் வினையும் படுவேகம். இன்னும் சந்தேகமென்றால் டிஎம்ஆருக்குப் பிறகு ஜேஎஃப்646 ஹாலோ லிகண்ட் என்ற இன்னொரு சாயத்தைப் போடுங்கள். காலி டேக் இருந்தால் தூரச்சிவப்பில் தெரிந்துவிடும்.

நீலஒளி:
ஹாலோடேக் என்ற 33 கிலோடால்டன் மூட்டையை எதற்குச் சுமக்க வேண்டும்? பச்சையாக ஒளிரும் புரதமான ஜிஎஃப்பியே 27தான். ஃப்ளாஷுக்கு (சிஸ்டீன்களில் ஒட்டும் ஆர்செனிக் சாயம்) மாறுங்கள், டேக்கே 12 அமினோ அமிலம்தான், அதில் நான்கு சிஸ்டீன், வேலை முடிந்தது. லேபிள் செய்யும்போதே 10 மைக்ரோமோலார் ஈடிடி (ஒரு தயோல், அதாவது கந்தகச் சேர்மம்) சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் செல்லில் உள்ள மற்ற சிஸ்டீன்களிலும் ஒட்டும். வாஷில் 250 மைக்ரோமோலார் பிஏஎல், அதுவும் தயோல்தான். எல்லாம் ஃப்யூம் ஹூடுக்குள், நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆக்சிஜனேற்றம் அடைந்த சிஸ்டீனில் ஆர்செனிக் சேராது என்பதால் ஈஆருக்குள் (எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம்) இருக்கும் புரதத்துக்கு இது வேண்டாம்.

பிப்பெட்முனை:
பேக்ரவுண்டால் அவதிப்படுகிறவருக்கு ஃப்ளாஷா! ஆர்செனிக்கை நுழைத்து, கழுவ ஒரு தயோலையும் நுழைப்பதற்கு டிஎம்ஆரே தேவலை. ஜேஎஃப்646 யோசனை நல்லது. அது டேக்கில் சேர்ந்த பிறகுதான் நன்றாக ஒளிரும், மிச்சசொச்சம் அவ்வளவாகத் தெரியாது. டிரான்ஸ்ஃபெக்ட் செய்யாத டிஷ்ஷுக்கும் அதே சாயம், அதே லேசர், அதே கெய்ன் வையுங்கள். டிஸ்ப்ளேயில் ஆட்டோ கான்ட்ராஸ்டை அணைத்துவிட்டு ஒப்பிடுங்கள்.