கொயோட்டித் தோல் கிழியாமலிருக்க எந்த ரைபிள் ரவை?

லிந்துலைக்காரன்:
வணக்கம். டிசம்பரில் கனடா சஸ்காச்சுவானில் மச்சானுடைய மாட்டுப் பண்ணைக்குப் போறேன். பசு கன்று போடுற காலத்துக்கு முந்தி கொயோட்டியை (நரி மாதிரி அங்கத்தைய காட்டு நாய் இனம்) குறைக்கணும், தோலையும் விற்கணும்னு அவங்க திட்டம். வீட்டில் இரண்டு போல்ட் ரைபிள் (பின்பூட்டைக் கையால் இழுத்து ரவை ஏத்துறது) இருக்கு. ஒன்று .223 ரக ரவைக்கு, குழல் முறுக்கு (சன்னத்தைச் சுழலவைக்கிற உள்வரி) 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று. மற்றது .22-250, 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இதுவரை .22-250இல் 55 கிரெய்ன் (சன்னத்தின் எடை அளவு) ஸொஃப்ட் பொயின்ட், அதாவது நுனியில் ஈயம் தெரியுற சன்னம், போட்டிருக்காங்க. சன்னம் (ரவையிலிருந்து பாயுற குண்டு) வெளியேறுற பக்கம் கைமுட்டி அளவு ஓட்டை. சுடுற தூரம் 80 முதல் 200 யார் (ஒரு யார் மூன்று அடி). எஃப்.எம்.ஜே (நுனியும் உலோக உறையால் மூடின சன்னம்) போட்டா ஊசி குத்தின மாதிரி போயிடும்னு ஒருத்தர் சொல்றார். சரியா? புதுத் துப்பாக்கி வாங்குற யோசனை இல்லை.

ஊவாக்காற்று:
எஃப்.எம்.ஜே வேண்டாம் தம்பி. நெஞ்சுக்குள்ளே நேராகத் துளைச்சுப் போனா ஓட்டை சின்னதுதான். ஆனா மிருகம் நின்ற இடத்தில் விழாது. தூரம் ஓடி, புதருக்குள் தவிச்சுத்தான் சாகும். தோலும் கிடைக்காது, செய்ததும் பாவம். .223 வேகத்தில் கிட்டத்தில் பட்டா சன்னம் உள்ளே புரண்டு, சன்னத்தின் இடுப்பில் பள்ளம் வெட்டின இடத்தில் முறிஞ்சு, ஸொஃப்ட் பொயின்ட்டை விட மோசமாகக் கிழிக்கவும் செய்யும். சில இடங்களில் வேட்டைக்கு அதைத் தடையே செய்திருக்காங்க.

தோல் காக்கணும்னா சன்னம் உள்ளே போகணும், வெளியே வரக்கூடாது. மெல்லிய செப்பு உறையும் பிளாஸ்டிக் நுனியும் உள்ள சன்னம் விலா எலும்பைத் தாண்டினதும் நெஞ்சறைக்குள் நொறுங்கும். நுழைவில் பென்சில் அளவு துளை, மறுபக்கம் ஒன்றுமில்லை. ஹோர்னடி வி-மெக்ஸ், சியரா பிளிட்ஸ்கிங், நோஸ்லர் பலிஸ்டிக் டிப் வார்மின்ட் எல்லாம் இந்த வகைதான். ஸொஃப்ட் பொயின்ட் விரிஞ்சாலும் பெரும்பாலும் ஒரே துண்டா நிற்கும். விரிஞ்ச அந்தத் தலைதான் வெளியேறும்போது கைமுட்டி ஓட்டை போடுது.

உங்க தூரத்துக்கு .223ஐ எடுங்க. 40 கிரெய்ன் வி-மெக்ஸ் செக்கனுக்கு ஏறத்தாழ 3,600 முதல் 3,800 அடி, 50 கிரெய்ன் ஏறத்தாழ 3,300 அடி. 9 அங்குல முறுக்கில் இரண்டும் சரியா ஓடும். 40 பெரும்பாலும் உள்ளேயே நிற்கும். 50 சில நேரம் வெளியேறும், ஆனா எலும்பில் பட்டால் தாங்கும். 55க்குப் போனா கிட்டத்தில் வெளியேறுறது கூடும்.

40இல் ஒரு ஆபத்து இருக்கு, மறைக்க மாட்டேன். 80 யாரில் தோள்பட்டை எலும்பில் பட்டால் உள்ளே போகாமல் மேலேயே வெடிச்சு அகலமான காயம் போடும். மிருகமும் தப்பிச்சுப் போகலாம். வேகம் கூட, சன்னம் மெலிசு, எலும்பு முன்னாலே: மூன்றும் சேர்ந்தா இது நடக்கும். .22-250இல் 40 போட்டு 4,000 அடிக்கு மேல் ஓட்டுறவங்களுக்கு இது அடிக்கடி வரும்.

பனிமலை:
மேலே சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் .22-250ஐ ஒதுக்கத் தேவையில்லை. மச்சான் ரவையைத் தானே நிரப்புகிறவர் என்றால், 50 கிரெய்ன் சன்னத்தை 3,300 அடிக்கு இறக்கி ஏற்றினால் அது .223 போலவே நடந்துகொள்ளும். அந்தக் குழலின் 14 அங்குல முறுக்குக்கு 50, 55 வரைதான் பொருந்தும். வெடிமருந்து அளவை மருந்து நிறுவனத்தின் அட்டவணையிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். மெதுவாக எரியும் மருந்தை மனம்போல் குறைப்பது குழலுக்கும் கைக்கும் ஆபத்து.

ரவையை விட, எங்கே படுகிறது என்பதே தோலை அதிகம் தீர்மானிக்கும். பக்கவாட்டில் நின்றால், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில். நேராக நம்மைப் பார்த்து நின்றால் நெஞ்சின் நடு. சன்னம் செலவழிய உடம்பின் நீளம் முழுவதும் கிடைப்பதால் தோலுக்கு அதுதான் மிக நல்லது. சாய்வாக நிற்கும்போது சுடாதீர்கள். விலாவைச் சறுக்கிக் கொண்டுபோய் வயிற்றுப் பக்கம் திறந்துவிடும், அங்கே தோலும் மெலிசு.

100 யாரில் ஒன்றரை அங்குலம் உயரமாகப் பட வைத்தால் 200 யாரில் குறி நேராகும். மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்று 200 யாரில் இந்தச் சன்னங்களை ஐந்து அங்குலத்துக்குக் கிட்டத் தள்ளும். கொயோட்டியின் உயிர்நிலை உள்ளங்கை அளவுதான். காற்றை விட்டுவிட்டு ரவையைக் குறைசொல்வது நியாயமில்லை.

இன்னொன்று, குளிர். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் புல்மேல் பனி உறைவதைத்தான் நாம் குளிர் என்போம். அங்கே −25 பாகை. போல்டில் எண்ணெய் தடித்து, ஊசி மெதுவாக அடித்து, ரவை வெடிக்காமல் போகும். போல்டைக் கழற்றி எண்ணெயை முழுக்கத் துடைத்து, உலர் மசகு மட்டும் இடுங்கள். குளிரில் வேகமும் குறையும். ஆகவே அந்தக் குளிரிலேயே குறி பாருங்கள்.

கொத்மலை ஓரம்:
தோலைப் பற்றி. விழுந்த உடனே துளையில் பஞ்சு அடைச்சிருங்க, இரத்தம் மயிருக்குள் பரவாது. பட்ட இரத்தத்தைப் பச்சைத் தண்ணீரில் கழுவணும். சுடுதண்ணி பட்டா உறைஞ்சு ஒட்டிக்கும். உடம்புச் சூடு இருக்கும்போதே பின்னங்கால் இரண்டிலும் கீறி, காலுறை கழற்றுற மாதிரி தலைப்பக்கமா உரிங்க. கொழுப்பும் சதையும் முழுக்க வழிக்கணும். துளைகளை அதுக்குப் பிறகு, தோலை இழுத்துக் காயவைக்கிற நீட்டுப் பலகையில் ஏத்துறதுக்கு முந்தி, தோல்பக்கமிருந்து மெழுகு நூலால் நெருக்கமாத் தையுங்க. மயிர் தையலுக்குள் மாட்டக்கூடாது. பலகையில் முதல்ல மயிர் உள்பக்கம். தோல் தொட்டா ஒட்டாத அளவு காய்ந்ததும் மயிர் வெளியே வர்ற மாதிரி திருப்புங்க. முழுக்கக் காய விட்டா திருப்பும்போது கிழியும்.

சொறி பிடிச்சதை உரிக்கவே வேண்டாம், யாரும் வாங்க மாட்டாங்க. விலையையும் ரொம்ப நம்பாதீங்க. குளிர்ச்சட்டைத் தொப்பி ஓரத்துக்குத்தான் இந்த மயிர் போனது. கனடா கூஸ் நிறுவனம் 2022 முடிவோடு மயிர் வச்சுத் தயாரிக்கிறதை நிறுத்தினது.

ஊவாக்காற்று:
சட்டம் ஒன்று சொல்லிடறேன். கனடா உரிமம் உள்ளவர் பக்கத்திலேயே நின்று நேரடியாகக் கண்காணிச்சா அவருடைய ரைபிளைத் தொடலாம். வேட்டை அனுமதி வேறு, வெளிநாட்டவருக்கு விதியும் வேறு. அதை மாகாணத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்க. இதைப் படிச்சுட்டு யாரும் நம்ம ஊர் நரிமேல் முயற்சி செய்யவேண்டாம். அது வேற இனம், இங்கே சட்டமும் வேற.

லிந்துலைக்காரன்:
நன்றி அண்ணே, எல்லாருக்கும். .223 தான். 40, 50 இரண்டிலும் ஒவ்வொரு பெட்டி வாங்கட்டுமா?

பனிமலை:
வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று ரவை வீதம் மூன்று முறை 100 யாரில் தாளில் சுடுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் படாது, ஆகவே ஒன்றைத் தேர்ந்து குறியை அதற்கே வையுங்கள். இரண்டும் ஒரே அளவு நெருக்கமாகப் பட்டால், உங்கள் 80 யாருக்கு நான் 50ஐ எடுப்பேன். அது எப்போதாவது வெளியேறினாலும் அந்த ஓட்டையைத் தைத்துவிடலாம். தோளில் வெடித்த 40இன் காயத்தைத் தைக்க முடியாது.