சபை சகோதரிகளும் பங்கு மக்களும் சேர்ந்து பணி நடத்தும்போது யார் எதை முடிவெடுப்பது?

பேரவைச் செயலர், தேவகோட்டை வட்டாரம்

தோத்திரம். எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கோயில் சமூகம்) தாய்க்கோயிலும் ஐந்து கிளைக்கிராமங்களும் உண்டு. மறைபரப்புத் துறவற சபை ஒன்றின் சகோதரிகள் மூன்று பேர் ஜூன் முதல் இங்கே தங்கிப் பணி செய்ய வருகிறார்கள். மக்களிடம் எதிர்நோக்கை (கடவுளை நம்பி நல்லதை எதிர்பார்ப்பதை) வளர்ப்பது, அதற்குத் தலைமைப் பொறுப்பை மக்களோடு பகிர்ந்துகொள்வது என்பதுதான் அவர்கள் சபையின் பொதுப்பேரவை (சபை முழுவதற்குமான உயர்மட்டக் கூட்டம்) காட்டிய திசை. மாலை நேர வகுப்பு, தையல் பயிற்சி, பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போய்விட ஊரில் தனியாக இருக்கும் முதியோரைச் சந்திப்பது ஆகிய மூன்றையும் பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாத மக்கள்) அடங்கிய ஒரு குழு நடத்தட்டும் என்கிறார்கள். பங்குத்தந்தைக்கும் சம்மதம்.

அந்தக் குழுவுக்கு எவ்வளவு அதிகாரம் கொடுக்க முடியும்? பணம் யார் கையில் இருக்கவேண்டும்? சிஸ்டர் மாற்றலாகிப் போனதும் வேலை படுத்துவிடாமல் இருக்க இப்போதே என்ன செய்துவைப்பது?

சட்டம் படித்தவர்

முதலில் காகிதத்தைப் பாருங்கள். ஆயர் ஒரு பணியைத் துறவற சபையிடம் ஒப்படைத்தால் ஆயருக்கும் சபைத் தலைமைக்கும் இடையே எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்கிறது 1983 திருஅவைச் சட்டத்தொகுப்பின் 681ஆம் எண். என்ன பணி, எத்தனை சகோதரிகள், பொருளாதாரப் பொறுப்பு யாருடையது என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்கவேண்டும். சிவகங்கை மறைமாவட்ட அலுவலகத்தில் அது கையெழுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். தையல் இயந்திரங்கள் யாருடைய சொத்து என்பதையும் அதிலேயே இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். சபை வாங்கியது சபையோடு போகும், பங்கு வாங்கியது பங்கில் இருக்கும். ஐந்து வருடம் கழித்து யாருக்கும் நினைவு இருக்காது, வரும் சண்டையில் பாதி இதில்தான்.

அடுத்து அதிகாரம். பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் குரல் மட்டுமே உண்டு (எண் 536). பங்கின் நிதிக்குழு கட்டாயம் (எண் 537). இதைப் பார்த்து "அப்படியானால் குழுவுக்கு ஒன்றுமே இல்லையே" என்று சோர்ந்துவிட வேண்டாம். 2024 அக்டோபரில் முடிந்த உலக ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணம் இதை நேராகவே தொடுகிறது: முறையாகக் கலந்து தேர்ந்து தெளிந்த திசையைத் தலைமையில் இருப்பவர் கண்டுகொள்ளாமல் விட்டுவிட முடியாது. ஆகவே குழுவின் பரிந்துரையை ஏற்கவில்லை என்றால் காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதவேண்டும் என்ற ஒரே ஒரு விதியை வையுங்கள். சட்டத்தை மீறாமலே குழுவுக்கு உயிர் வந்துவிடும்.

மற்றபடி, ஒரு தாளில் மூன்று பத்தி போட்டால் போதும். வகுப்பு நேரம், யார் கற்பிப்பது, எந்த முதியோரை எப்போது பார்ப்பது, 2,000 ரூபாய்க்குள் செலவு இதெல்லாம் குழுவே முடிவெடுப்பவை. புதிய பணி, சம்பளத்துக்கு ஆள், அதற்கு மேற்பட்ட செலவு ஆகியவற்றுக்குப் பங்குத்தந்தையும் சிஸ்டரும் ஒப்புதல் தரவேண்டும். நிலம், கட்டடம், ஒப்பந்தத் திருத்தம் என்று வந்தால் ஆயரும் சபையின் மாகாணத் தலைவியும்தான். கண்மாயில் எந்த மடையை யார் எப்போது திறப்பது என்று தண்ணீர் வருவதற்கு முன்பே நீர்ப்பாய்ச்சியோடு பேசிவைப்பது போல, இதையும் ஜூனுக்கு முன்பே முடியுங்கள்.

அன்பியப் பயிற்றுநர்

தாள் சரியாக இருந்தும் கூட்டம் சரியில்லாமல் கெட்டுப்போன குழுக்கள் நிறைய. பொதுவான கோளாறு, சிஸ்டர் முதலில் பேசுவது. அவர் சொன்னதும் எல்லோரும் "சரிங்க சிஸ்டர்" என்று தலையாட்டிவிடுவார்கள். சிஸ்டரும் ஃபாதரும் கடைசியில்தான் பேசவேண்டும், கூட்டத்தை நடத்துவதும் அவர்கள் அல்ல.

மாமன்றத்தில் பயன்படுத்திய "தூய ஆவியில் உரையாடல்" முறை ஏழெட்டுப் பேருக்கு நன்றாகப் பொருந்தும். மூன்று சுற்று. முதல் சுற்றில் ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் தன் கருத்தைச் சொல்வார், யாரும் குறுக்கே பேசக்கூடாது, பதிலும் சொல்லக்கூடாது. பிறகு இரண்டு நிமிட மௌனம். இரண்டாம் சுற்றில் தன் கருத்தை மறுபடி சொல்லாமல், மற்றவர் சொன்னதில் தன்னைத் தொட்டது எது என்று மட்டும் சொல்லவேண்டும். இங்குதான் பலர் தவறுவார்கள், நடத்துபவர் மென்மையாக நிறுத்தவேண்டும். மீண்டும் மௌனம். மூன்றாவது சுற்றில்தான் விவாதமும் முடிவும். மொத்தம் ஒன்றேகால் மணி நேரம். சின்ன விஷயங்களுக்கு இது வேண்டாம், கைதூக்கி முடித்துவிடலாம்.

முடிவை எழுதும் விதம் முக்கியம். "டியூப்லைட் பற்றிப் பேசப்பட்டது" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. இப்படி எழுதுங்கள் (அன்பியம் என்பது அக்கம்பக்கக் குடும்பங்களின் சிறு குழு): "வகுப்பறைக்கு டியூப்லைட் 4. பொறுப்பு: கிழக்குத் தெரு அன்பியப் பொறுப்பாளர். 1,600 ரூபாய் வரை. 15ஆம் தேதிக்குள்." அடுத்த கூட்டம் இந்த வரியை வாசித்துத்தான் தொடங்கவேண்டும்.

எல்லாக் கூட்டத்தையும் தாய்க்கோயிலிலேயே வைக்காதீர்கள், கிளைக்கிராமத்தார் கடைசிவரை விருந்தாளியாகவே இருந்துவிடுவார்கள். மாறி மாறி வையுங்கள். டவுன் பஸ் நேரத்தைப் பார்த்து முடியுங்கள், கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட பெண்ணை வீட்டில் அடுத்த முறை அனுப்பமாட்டார்கள். தை, மாசி அறுவடையில் ஒரு கூட்டத்தைத் தள்ளிவைத்தாலும் தப்பில்லை.

கணக்குப் பார்ப்பவர்

பணத்தில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. சபைக்கு வெளிநாட்டு நன்கொடை வருகிறதா என்று முதலில் கேளுங்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (FCRA) 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக்கொடுக்கவே முடியாது, அந்த அமைப்பும் பதிவு பெற்றிருந்தாலும்கூட. டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் உள்ள கணக்குக்கு வந்து, சபையின் பதிவு பெற்ற சங்கமே நேரடியாகச் செலவிடவேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்குள். எனவே குழு பயனாளியைத் தேர்ந்தெடுக்கலாம், விலைப்புள்ளி வாங்கலாம், பொருள் வந்ததைச் சரிபார்க்கலாம். பில் மட்டும் சங்கத்தின் பெயரில்தான். குழுவின் கையில் ரொக்கமாகக் கொடுத்துச் செலவழிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

உள்ளூர்ப் பணத்தைத் தனியாக வையுங்கள். பங்குக் கணக்கில் ஒரு தனித் தலைப்பு, வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம், கையிருப்பு 3,000க்கு மேல் வேண்டாம். பணம் வைத்திருப்பவரே கணக்கும் எழுதக்கூடாது. மகளிர் சுயஉதவிக் குழுவில் பழகிய பெண்கள் இதை நன்றாகச் செய்வார்கள், அவர்களில் ஒருவரைப் பொருளாளராக்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குச் சொல்லவேண்டும் என்பது திருஅவைச் சட்டமே (எண் 1287).

சட்டம் படித்தவர்

ஒன்றை விட்டுவிட்டேன். மாலை வகுப்பில் குழந்தைகள் இருக்கிறார்கள். பாலியல் புகார் வந்தால் அதைக் குழுவில் வைத்துப் பேசவே கூடாது. போக்சோ சட்டம் 2012இன்படி, விஷயம் தெரியவந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவித்தாகவேண்டும், மறைத்தால் தண்டனை. "ஃபாதரிடம் சொல்லிவிட்டேன்" என்பது போதாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ வகுப்பறைச் சுவரில் குழந்தைகள் கண்ணில் படும் உயரத்தில் எழுதிவையுங்கள். பகிர முடியாத பொறுப்பு இது ஒன்று.

பேரவைச் செயலர், தேவகோட்டை வட்டாரம்

மிக்க நன்றி. குழுவுக்கு ஆள் எடுப்பதில்தான் தயக்கம். கேட்டால் எப்போதும் முன்வரும் அதே நாலைந்து பேர்தான் வருவார்கள், எல்லாரும் ஒரே தெரு.

அன்பியப் பயிற்றுநர்

அப்படியானால் கோயிலில் அறிவித்துக் கை தூக்கச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு அன்பியத்திலும் துண்டுச் சீட்டில் இரண்டு பெயர் எழுதி வாங்குங்கள், அதில் ஒன்று பெண்ணாக இருக்கவேண்டும். எண்ணிப் பார்க்கும்போது ஒரு தெருவோ ஒரு சாதியோ முழுக்க விடுபட்டிருந்தால் அந்த அன்பியத்துக்குத் திரும்பப் போய்க் கேளுங்கள். இதைப் பேசாமல் விட்டால், பகிர்ந்த தலைமை என்று பெயர் வைத்துப் பழைய தலைமையையே உட்கார வைத்ததாகிவிடும். தையல் பழக வருகிற பெண் ஒருவர், தனியாக வாழும் முதியவர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். யாருக்காகப் பணியோ அவர்கள் இல்லாத குழு எதிர்நோக்கைப் பற்றி என்ன பேசமுடியும்?

பதவிக்காலம் மூன்று ஆண்டு. முதல் முறை மட்டும் சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு ஒன்றரை ஆண்டு வையுங்கள், எல்லோரும் ஒரே நாளில் இறங்கமாட்டார்கள். சிஸ்டரின் மாற்றல் உத்தரவு வந்ததும், முடிந்தால் புதியவர் ஒரு மாதம் உடன் இருக்கும்படி மாகாணத் தலைவியிடம் குழுவே எழுத்தில் கேட்கலாம். வருகைப் பதிவேடு, முதியோர் முகவரிகள், சாவிகளில் ஒரு செட் எல்லாம் கன்னியர் மடத்தில் வேண்டாம், பங்கு அலுவலக அலமாரியில் இருக்கட்டும்.