காப்பிக்காக நடப்பது உடற்பயிற்சியா?

டர்பன் தேவா:
எங்கள் ஆபீசில் வெள்ளிக்கிழமை மதியம் ஆனால் பாதிப் பேர் மேசையைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். காப்பீட்டுக்காரன் வைத்த வார இலக்கை எட்டினால் ஒரு காப்பி இலவசமாம். ஒருவர் நடையை எண்ணும் கடிகாரத்தை நாயின் கழுத்தில் கட்டிவிட்டதாகவும் கேள்வி! பெரியவர்களுக்கு உடம்பை அசைக்கிற ஆசை உள்ளிருந்து வரவேண்டும். காப்பியை நிறுத்திப் பாருங்கள், அன்றைக்கே நடையும் நின்றுவிடும்.

பீனிக்ஸ் அக்கா:
தேவா தம்பி, ஆசை வரட்டும் என்று காத்திருந்தால் சர்க்கரைதான் முதலில் வரும். என் வீட்டுக்காரரிடம் டாக்டர் வருஷக்கணக்காகச் சொல்லியும் கேட்காதவர், இந்தக் காப்பிக்காகத்தான் செருப்பை மாட்டினார். இப்படிப் பரிசு கொடுக்கிற டிஸ்கவரி வைட்டாலிட்டி என்ற காப்பீட்டுத் திட்டம் பற்றி 2018இல் ராண்ட் ஐரோப்பா என்ற ஆராய்ச்சி நிறுவனம் ஒரு ஆய்வு வெளியிட்டது, நம் தென்னாப்பிரிக்கா, பிரிட்டன், அமெரிக்கா மூன்றிலும் சேர்த்து 4 லட்சம் பேருக்கு மேல். ஆப்பிள் வாட்சைக் கையில் கொடுத்து, இலக்கை எட்டாத மாதம் அந்த வாட்சுக்குத் தவணை கட்டு என்றார்கள். வெறும் வாரப் பரிசு மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் 34 சதவீதம் கூடுதலாக இயங்கினார்கள். காசு போகுமே என்ற பயமும் ஒரு தூண்டுதல்தான்.

டர்பன் தேவா:
அக்கா, வாட்சை விரும்பி எடுத்தவன் ஏற்கெனவே பாதி மனசோடு இருப்பவன்தானே. 2021இல் நேச்சர் இதழில் வந்ததைப் பாருங்கள்: அமெரிக்காவில் 61,000 ஜிம் உறுப்பினர்கள், 54 விதமான திட்டங்கள், நாலு வாரம். அந்த நாலு வாரத்தில் 45 சதவீதத் திட்டங்கள் வேலை செய்தன. முடிந்த பிறகும் பலன் தெரிந்தது வெறும் 8 சதவீதத்தில்!

புளூ லகூன்:
ரெண்டு பேரும் காசையே பேசுகிறீர்கள். பூங்காக்களில் வாராவாரம் சேர்ந்து ஓடுகிற பார்க்ரன்னில் என்ன காசு? 2011இல் ஓட்டப்பந்தய வீரர் புரூஸ் ஃபோர்டைஸ் ஜோஹன்னஸ்பர்க்கில் ஆரம்பித்து வைத்தது, சனிக்கிழமை 5 கிலோமீட்டர், கட்டணமும் இல்லை பரிசும் இல்லை, ஆனாலும் நம் டர்பன் நார்த் பீச்சில் கூட்டத்தைப் பாருங்கள். கம்ரேட்ஸ் என்ற நெடுந்தூரப் பந்தயத்தில் 90 கிலோமீட்டர்போல ஓடுகிறார்கள். 12 மணி நேரம் தாண்டி ஒரு நொடி தாமதமானாலும் பதக்கம் கிடையாது. அந்தப் பதக்கமும் நாணயம் அளவுதான். முன்பின் தெரியாதவர்கள் பஸ் மாதிரி சேர்ந்து ஒரே வேகத்தில் ஓடுவார்கள், சோர்ந்தவனைப் பேசிப் பேசியே இழுத்துப் போவார்கள். மனுஷனுக்குத் துணை வேண்டும், அவ்வளவுதான்.

பீனிக்ஸ் அக்கா:
பதக்கமும் பரிசுதானே ஐயா? கம்ரேட்ஸைப் பத்துத் தடவை முடித்தால் நிரந்தரமாகத் தனக்கே சொந்தமான பச்சை எண், அதற்காகவே முட்டி தேய்ந்தும் ஓடுகிறவர்கள் இல்லையா? காப்பி கேவலம், பதக்கம் மட்டும் புனிதமா! துணை பற்றிச் சொன்னது சரி. ஆனால் விடியற்காலை தனியாகப் போக எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்குத் தைரியம் வரும்? ஆசை, ஊக்கம் எல்லாம் இருந்தும் கேட்டைத் தாண்ட முடியாமல் நிற்கிறோம். உங்கள் ஆய்வுக்காரர்கள் இதையெல்லாம் கேட்டார்களா?

டர்பன் தேவா:
பாதுகாப்பு விஷயத்தில் மறுபேச்சு இல்லை. பதக்கத்தையும் காப்பியையும் ஒன்றாக்குவதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டெசி, ரையன் என்ற ரெண்டு உளவியலாளர்கள் இதைப் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள்: உன்னால் முடிந்தது என்று காட்டுகிற பரிசு உள் ஆசையைக் கெடுக்காது, இதைச் செய்தால்தான் இது என்று கட்டிப்போடுகிற பரிசு கெடுக்கும். நாய்க்குக் கடிகாரம் கட்டுவது இரண்டாவது வகையில் வருகிற புத்தி. கம்ரேட்ஸில் யாராவது நாயை ஓட விடுகிறார்களா?

பீனிக்ஸ் அக்கா:
ஆசையே இல்லாதவரிடம் கெடுக்க என்ன இருக்கிறது, தம்பி? அதற்கு அந்த ரெண்டு பேரும் பதில் சொன்னால் எனக்கும் அனுப்புங்கள். என் வீட்டுக்காரர் இந்த வாரக் காப்பிக்காக இப்போதுதான் கிளம்பினார், அதுவும் மழையில்.