வார்டு மெம்பர் வீட்டுக்கு வந்த போன்

உள்ளாட்சிப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு வரும் மிரட்டல்களைப் பற்றி இங்கே பலர் எழுதுவதைப் பார்த்து நானும் எழுதுகிறேன். கோத்தகிரி பக்கம் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்தவள் நான். 2019 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் அம்மா வார்டு மெம்பர் ஆனார். எஸ்.சி. பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு.

எங்கள் ஓடைக்கு மேலே ராத்திரி ராத்திரியாகப் பொக்லைன் வைத்து மண்ணை வெட்டினார்கள், ரிசார்ட் கட்டவாம். நீலகிரியில் கலெக்டர் அனுமதி இல்லாமல் அந்த வண்டியை ஓட்டவே கூடாது. 2009 நவம்பர் மண்சரிவில் நாற்பது பேருக்கு மேல் செத்த மாவட்டம் இது, அந்த மழையை அம்மா மறக்கவில்லை. கிராம சபையில் எழுந்து கேட்டு, தீர்மானமாகவே எழுத வைத்தார்.

மூன்றாம் நாள் போன். "உன் பொண்ணு நாலரை பஸ்ஸுலதானே இறங்குது?" அவ்வளவுதான், வைத்துவிட்டான். அடுப்பில் டீ பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் அம்மா போனைப் பிடித்தபடியே நின்றார். மறுநாள் காலையில் வாசல்படியில் தேயிலைச் செடியை வெட்டும் ஒரு கவாத்துக் கத்தி, புதிதாகச் சாணை பிடித்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி.

மந்திரிக்குக் கூடவே போலீஸ் வரும், வார்டு மெம்பருக்கு யார் வருவார்கள்? ஸ்டேஷனில் "நாங்க பேசிக்கிறோம், போங்கம்மா" என்றார்கள். அம்மா நகரவில்லை. புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கைக்கு வரும்வரை மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் தினமும் லைனில் இருந்து பெரியம்மாவோ சித்தப்பாவோ யாராவது ஒருவர், மழையில் படங்கை (தார்ப்பாய்) போர்த்திக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் எனக்காக நிற்பார்கள். வேலை ஒருவழியாக நின்றது. கத்தியை வைத்தது யார் என்று இன்றுவரை தெரியாது.

*

கொடைக்கானல் மேல்மலையில் இருந்து எழுதுகிறேன். தங்கச்சி, ரசீதோடு யாரும் விட்டுவிடக் கூடாது, எப்.ஐ.ஆர். கேட்க வேண்டும். மிரட்டலுக்கு முன்பு இ.பி.கோ. 506, 2024 ஜூலையில் இருந்து அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பி.என்.எஸ். 351. அது மட்டுமில்லை, எஸ்.சி. மெம்பரை மற்ற சாதிக்காரர் வேலை செய்யவிடாமல் தடுத்தாலே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிக் குற்றம், 2015 திருத்தத்தில் சேர்த்தது, டி.எஸ்.பி.தான் விசாரிக்க வேண்டும். 1997-ல் மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சியின் தலித் தலைவர் முருகேசனை வெட்டிக் கொன்றார்களே, அவருக்கும் முன்பே மிரட்டல் வந்துகொண்டுதான் இருந்தது.

எங்கள் ஊர்த் தலைவருக்கு இதையெல்லாம் எடுத்துச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை. ஆறு மாதம் யாரிடமும் வாய் திறக்காமல் இருந்துவிட்டு ராஜினாமா கொடுத்தார். கடிதத்தில் 'சொந்தக் காரணம்' என்றுதான் எழுதியிருந்தார்.