128 பிட் கார்டு வாங்குகிறவன் ஏமாளியா?

கொரட்டூர்வாசி:
பழைய கிராபிக்ஸ் கார்டு விற்பனைப் பதிவின் கீழே பல்லாவரம்காரர் எழுதியது: "256 பிட்டுக்குக் குறைந்த கார்டு எல்லாம் குப்பை, ரிச்சி தெருவில் ஏமாளிகள் தலையில் கட்டுகிறார்கள்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இந்த பிட் கணக்கு பஸ் அகலம்: கார்டின் சிப்புக்கும் மெமரிக்கும் நடுவே டேட்டா போகும் தடங்களின் எண்ணிக்கை. 2013-இல் வந்த ஏஎம்டியின் ஆர்9 290எக்ஸ் 512 பிட். அடுத்த வருஷம் வந்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 980 அதில் பாதி, 256 பிட். ஜெயித்தது 980தான், அப்போது விளையாடியவர்களைக் கேளுங்கள். பஸ் அகலத்தை ஒரு தடத்தின் மெமரி வேகத்தோடு (நொடிக்கு எத்தனை கிகாபிட்) பெருக்கி எட்டால் வகுத்தால்தான் நொடிக்கு எத்தனை ஜிபி என்று தெரியும்.

பல்லாவரம்_பிசி:
பழைய கதை எதற்கு? என்விடியாவின் 3060 டிஐ 256 பிட், நொடிக்கு 448 ஜிபி. 2023-இல் வந்த 4060 டிஐ 128 பிட், 288 ஜிபி. அறிமுக விலை இரண்டுக்கும் 399 டாலர். பாதியை வெட்டிவிட்டு முழு விலை. பதில் சொல்லுங்கள் சார்.

கொரட்டூர்வாசி:
எல்2 கேஷ், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன வேக மெமரி, 4 எம்பியிலிருந்து 32 எம்பி ஆனதை மட்டும் ஏன் விழுங்கிவிட்டீர்கள்? ஃப்ரிட்ஜில் பால் இருந்தால் எவனும் கடைக்கு ஓட மாட்டான். அப்புறம், மெமரியோடு பேசும் பகுதியான மெமரி கன்ட்ரோலர் சிப்பின் ஓரத்தில் இடம் பிடித்துக்கொண்டிருக்கும். தயாரிப்பு முறை மாறும்போது மற்ற பகுதிகள் சுருங்குகிற அளவுக்கு அது சுருங்காது. ஒரு மெமரி சிப்புக்கு 32 பிட். 256 பிட்டுக்கு எட்டு சிப், 128-க்கு நாலு. எட்டு சிப்புக்கும் போர்டில் தடம் போட வேண்டும், அடுக்கும் கூடும். அகலம் இலவசமாக வருவதில்லை தம்பி.

பல்லாவரம்_பிசி:
செலவு குறைந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மிச்சமான காசு எங்கே? விலையில் ஒரு டாலர்கூடக் குறையவில்லையே. வீட்டுக்கு நாற்பது பேர் வந்தால் உங்கள் ஃப்ரிட்ஜ் பால் எத்தனை பேருக்குக் காணும்? 1080பி-யைப் போல நாலு மடங்கு புள்ளிகள் உள்ள 4கே திரையில் ஓட்டிப் பாருங்கள், சில கேம்களில் பழைய 3060 டிஐ முந்துகிறது. 128 பிட் 128 பிட்தான்.

வியாசர்பாடி_வின்டோஸ்:
இரண்டு பேரும் மெமரி அளவை விட்டுவிட்டீர்களே. 2 ஜிபி சிப் நாலு போட்டால் 8 ஜிபிதான் வரும். 16 வேண்டுமென்றால் போர்டின் பின்பக்கமும் நாலு ஒட்ட வேண்டும். 4060 டிஐ-யில் அதற்கு 100 டாலர் கூடுதலாக வாங்கினார்கள்.

கொரட்டூர்வாசி:
அதற்குத் தனித் திரி போடுங்கள். இங்கே பேச்சு பஸ் அகலம். 1080பி-யில் விளையாடுகிறவனுக்கு 4கே கணக்கைக் காட்டி பயமுறுத்துவதுதான் எனக்கு ஆகவில்லை. போன வருஷம் என் பவர் சப்ளை பதிவிலும் இவர் இதே வேலையைத்தான் செய்தார்.

பல்லாவரம்_பிசி:
450 வாட் போதும் என்று ஊருக்கே உபதேசம் செய்தவர் நீங்கள். அந்தத் திரியைத் தோண்டி எடுக்கட்டுமா?

கொரட்டூர்வாசி:
எடுங்கள். அந்த கார்டுக்கு 450 வாட் போதும் என்று இன்றைக்கும் சொல்வேன். பில் இல்லாமல் மைனிங் கார்டு (கிரிப்டோ காசு எடுக்க ஓட்டித் தேய்ந்த கார்டு) வாங்கச் சொன்ன உங்கள் பதிவும் அங்கேயே இருக்கிறது.

தாம்பரம்_தம்பி:
அண்ணே, என் மானிட்டர் 1080பி. எதை வாங்க? சனிக்கிழமை மவுண்ட் ரோடு பக்கம் போகிறேன்.

பல்லாவரம்_பிசி:
128 பிட்டைத் தொடாதே.

கொரட்டூர்வாசி:
தொடு தம்பி. கேம் பெயரைச் சொல், பார்த்துச் சொல்கிறேன். பல்லாவரத்தாருக்கு இன்னொன்று: 2025-இல் வந்த 5060 டிஐ-யும் 128 பிட்தான். ஜிடிடிஆர்7 என்ற புது வகை மெமரி ஒரு தடத்தில் நொடிக்கு 28 கிகாபிட் வேகத்தில் ஓடுவதால் நொடிக்கு 448 ஜிபி. நீங்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் 3060 டிஐ-யின் அதே 448. இதுவும் குப்பையா?

பல்லாவரம்_பிசி:
நான் கேட்டது 4060 டிஐ. 288 ஜிபிக்கு 399 டாலர் ஏன்? அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

கொரட்டூர்வாசி:
கேஷ் என்று மேலேயே எழுதியிருக்கிறேன். போய்ப் படியுங்கள்.